கொழும்புத் துறைமுகமும் பயணியர் படப்பெட்டியும்

1838ஆம் ஆண்டளவில் பாரிஸ் மாநகரில் லூயி தாகேர் என்பவர் தமது பணிமனையின் உயர்ந்த சாளரம் ஒன்றில் படப்பெட்டியை அமைத்து, கீழே விரிந்து கிடந்த பெருவீதியைப் படம்பிடித்தார். வண்டிகளும் குதிரைகளும் மக்களும் இடையறாது சென்றுகொண்டிருந்த வீதி அது. எனினும் தகட்டிலே தோன்றிய வீதி, ஊரடங்கிய வேளைபோல வெறிச்சோடிக் கிடந்தது. ஒளி பதிவதற்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தமையால், நடந்தவரும் ஓடிய வண்டிகளும் தடமின்றி மறைந்துபோயினர். தெருவோரத்திலே தம் காலணிக்கு மெருகு போடுவித்துக்கொண்டு நின்ற ஒருவர் மட்டும், நின்ற காரணத்தால், நிலைத்துவிட்டார். அவர் காலடியில் இருந்த தொழிலாளியும் மங்கலாகத் தெரிகின்றார். மனித உருவம் பதிந்த மிகப் பழைய படங்களுள் அது ஒன்று. அவ்விருவர் பெயரும் இன்றுவரை எவருக்கும் தெரியாது.

ஊர் காண வருபவரின் படப்பெட்டியை இந்த இயல்பு நெடுங்காலம் விட்டுப் போகவில்லை. மலையும் மரமும் மாளிகையும் அசையாது நின்று பதிந்தன. தத்தம் பெயரும் பெற்றன. மனிதரோ பதியாமற் போயினர். பதிந்தாலும் பெயரிழந்து பதிந்தனர். இவ்வரலாற்றைத் தெளிவாகக் காட்டும் நகரங்களுள் கொழும்பு ஒன்று. கீழ்த்திசைக் கடல்வழிகள் வந்து கூடும் துறைமுகமாக அது விளங்கியமையால் உலகப் பயணியர் பலர் இங்கே இறங்கினர். இறங்கியோர் படங்களோடு திரும்பினர். அப்படங்கள் எவ்வாறு பிடிக்கப்பட்டன, எவற்றைக் காட்டின, எவற்றைக் காட்டாது விட்டன என்னும் வினாக்கள், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்ந்த குடும்பங்களின் கதையையும் தொடுவன.

1839இல் தாகேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் பதினைந்து ஆண்டுகள் நிறையுமுன்னரே படப்பெட்டி இலங்கையின் காட்சிகளைத் தேடி வந்துவிட்டது. கல்கத்தாவில் கல்லச்சு ஓவியராக இருந்த பிரெடறிக் பீபிக் என்பவர் 1850களின் தொடக்கத்தில் சென்னையையும் இலங்கையையும் படம்பிடித்தார். தாம் எடுத்த படங்களை உப்புப் பூசிய தாளிலே பதித்து, அவற்றுக்குக் கையால் வண்ணம் தீட்டினார். வண்ணத்தைத் தானே பற்றிக்கொள்ளும் ஆற்றல் அக்காலப் படத்துக்கு இல்லை. தென்னையின் பசுமையையும் மண்ணின் செம்மையையும் தூரிகைதான் தரவேண்டியிருந்தது. இத்தகைய படங்களுள் ஏறத்தாழ ஐந்நூற்றைக் கிழக்கிந்தியக் கம்பனி 1856இல் அவரிடமிருந்து வாங்கியது. அவை இன்று இலண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன.

அக்காலத்தில் படப்பெட்டியோடு பயணஞ்செய்தல் எளிய காரியமன்று. 1851இல் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையே பின்னர் முப்பது ஆண்டுகள்வரை வழக்கில் இருந்தது. கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் பிசினை ஊற்றிப் பரப்பி, அதனை இருளிலே வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி எடுத்து, ஈரம் உலருமுன் படம்பிடித்து, மறுபடியும் இருளிலே கழுவி முடித்தல் வேண்டும். இவை அனைத்தும் சில நிமிடங்களுக்குள் நிகழவேண்டும். வெப்ப நாடுகளிலே தகடு விரைவில் உலர்ந்துவிடும். ஆகவே படக்காரர் செல்லும் இடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் மருந்துப் போத்தல்களும் கண்ணாடித் தகடுகளும் உடன்சென்றன. அவற்றைத் தலையிலும் தோளிலும் சுமந்தவர் கூலியாட்கள். 1860களில் இமயமலைச் சாரலைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற சாமுவேல் போண் என்பவரின் பின்னே பல பத்துச் சுமையாளர் நடந்தனர். படத்தின் அடியிலே அவர் பெயர் நிற்கின்றது. சுமந்தவர் பெயரோ எங்கும் இல்லை.

இலங்கையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. கண்டியிலே படக்கூடம் நடத்திய யோசப் லோற்றன் என்பவர், தொல்பொருள் ஆய்வுக்கென அரசாங்கம் அமைத்த குழுவின் வேண்டுகோளின்படி, 1870, 1871ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், மிகிந்தலை, பொலநறுவை, சிகிரியா ஆகிய இடங்களைப் படம்பிடித்தார். காடு மூடிக் கிடந்த தாதுகோபங்களும் சாய்ந்த கற்றூண்களும் திருத்தப்படுமுன் எந்நிலையில் இருந்தன என்பதை அறிய அப்படங்கள் இன்றும் உதவுகின்றன. அவ்வகையில் அவை நாட்டுக்குக் கிடைத்த செல்வம் எனலாம். தூணின் உயரத்தைப் புலப்படுத்த ஓர் ஆளை அதன் அருகே நிறுத்திவைத்தல் அக்காலப் படக்காரர் பொது வழக்கம். அந்த ஆள் அளவுகோலாக நின்றான். கல்லின் காலத்தைக் கணித்து எழுதியோர், கல்லருகே நின்றவன் யார் என்று எழுதவேண்டும் எனக் கருதவில்லை.

1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் நிலைமை வேகமாக மாறியது. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே செல்லும் கப்பல்கள் பெருகின. 1875இல் வேல்ஸ் இளவரசர் கொழும்பிலே அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். அடுத்த பத்தாண்டுகளில் அவ்வணை முடிவடைந்தது. அதுவரை காலித் துறையில் நின்ற பெருங்கப்பல்கள் கொழும்பை நாடின. கப்பல் நிலக்கரி ஏற்றும் நேரமே பல பயணியருக்குக் கொழும்பைக் காணக் கிடைத்த நேரம். சிலர் கறுவாத்தோட்டம்வரை வண்டியிலே சென்று மீண்டனர். பொழுது மிகுந்தோர் 1867இல் திறக்கப்பட்ட புகைவண்டிப் பாதையிலே கண்டிக்குச் சென்றனர். கப்பலிலே கரி சுமந்தவருள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர் பலர். அவர்கள் குடியிருந்த கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைச் சந்துகள் துறைமுகத்துக்கு மிக அண்மையில் இருந்தன. ஆயினும் பயணியரின் வண்டி பெரும்பாலும் அத்திசையிலே திரும்பவில்லை.

சில மணி நேரத்தில் ஒரு நாட்டைக் காண்பது எங்ஙனம்? அதற்கு விடையளித்தவர்கள் கோட்டைப் பகுதியின் படக்கடைக்காரர். ஸ்கீன் கம்பனி 1860களின் பிற்பகுதி முதல் கொழும்பிலும், ஸ்கோவன் கம்பனி 1870கள் முதல் கண்டியிலும், பிளாட்டே கம்பனி 1890 முதல் கொழும்பிலும் இத்தொழிலை நடத்தின. கடையிலே பெரிய தொகுதிகள் இருக்கும். கண்டி வாவி, பேராதனைப் பூங்கா, கல்கிசைக் கடற்கரை, தென்னை சூழ்ந்த பாதை என ஒவ்வொரு படத்துக்கும் இலக்கமும் தலைப்பும் உண்டு. பயணி தாம் கண்டவற்றையும் காணாதவற்றையும் தெரிந்தெடுத்து வாங்கி, ஊருக்குத் திரும்பியதும் ஒரே தொகுதியிலே ஒட்டிவைப்பார்.

அத்தொகுதிகளிலே மனிதரும் இருந்தனர். ஆனால், அவர்கள் மனிதராக அல்லாமல் வகைகளாகவே இருந்தனர். படக்கூடத்துக்கு ஒரு பெண்ணை அழைத்து வந்து, ஆடை அணிகளைத் திருத்தி, கையிலே குடத்தையோ கூடையையோ கொடுத்து நிறுத்துவர். கீழே “தமிழ்ப் பெண்” என்று அச்சிடுவர். அவ்வாறே “சிங்கள ஆண்”, “மூர் வணிகன்”, “தமிழ்க் கூலிகள்” என்பனவும் விற்பனையாயின. வாங்கியவருக்கு இன்னாருடைய மகள், இன்ன ஊரவள் என்ற செய்தி தேவைப்படவில்லை. இந்நாட்டிலே இத்தகைய மக்கள் உளர் என்பதே போதுமாயிருந்தது. பின்னர் சித்திரத் தபாலட்டை வந்தபோது, அதே முகங்கள் பல்லாயிரக்கணக்கில் அச்சேறிக் கடல்கடந்து சென்றன. தம் முகம் இலண்டனிலும் பெர்லினிலும் மேசைகளின்மீது கிடந்ததை அப்பெண்களுட் பெரும்பாலோர் அறிந்திருக்கமாட்டார்கள்.

இந்த வழக்கத்தின் ஆழத்தை உணர்த்த ஒரு பெரிய கலைஞரின் கதை போதும். யூலியா மார்கிறெற் கமரன் அம்மையார் தமது நாற்பத்தெட்டாம் வயதில் மகளிடமிருந்து ஒரு படப்பெட்டியைப் பரிசாகப் பெற்று, உலகப் புகழ்பெற்ற உருவப்படக் கலைஞராக உயர்ந்தவர். கவிஞர் தெனிசன், அறிஞர் டார்வின், வானியலாளர் ஹேர்ஷல் ஆகியோரின் முகங்கள் அவரால் அழியா வாழ்வு பெற்றன. அவர் கணவர் சாள்ஸ் ஹே கமரன், இலங்கை வரலாறு படித்தோர் நன்கறிந்த கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவினர் இருவருள் ஒருவர். முதுமையிலே 1875இல் இருவரும் இலங்கைக்கு வந்து குடியமர்ந்தனர். களுத்துறையிலே, உலகெங்கும் பயணஞ்செய்து மலர்களையும் மரங்களையும் ஓவியந்தீட்டிய மரியான் நோர்த் அம்மையார் விருந்தினராக வந்தபோது, கமரன் அம்மையார் அவருக்குச் சால்வை போர்த்தித் தென்னோலைகளின் முன்னே நிறுத்திப் படம்பிடித்தார்.

அதே களுத்துறையில் 1878இல் அவர் எடுத்த மற்றொரு படத்திலே உள்ளூர்க் குடிமக்கள் சிலர் நிற்கின்றனர். படத்தின் அடியில் அவர் எழுதிய குறிப்பொன்று உண்டு. அதிலே நிற்கும் சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்றும், முதியவர் தாம் அவளுடைய தந்தை எனவும் தமக்கு நூறு வயது எனவும் கூறினார் என்றும் அக்குறிப்பு தெரிவிக்கின்றது. ஆகவே அம்மையார் அவர்களோடு பேசியிருக்கிறார், அல்லது ஒருவரைக் கொண்டு பேசுவித்திருக்கிறார், வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார், கிழவரின் கூற்றிலே சிறிது ஐயமும் கொண்டிருக்கிறார். பெயர் மாத்திரம் குறிப்பிலே இடம்பெறவில்லை. இங்கிலாந்திலே தம்முன் அமர்ந்த பெரியோரை எல்லாம் பெயரோடு நிலைநாட்டியவர் அவர். அன்பில்லாதவர் என்று அவரை எவரும் சொல்லார். கண்ணுக்கு எட்டிய முகம் கருத்துக்கு முழுதும் எட்டவில்லை, அவ்வளவே. 1879 சனவரியில் அவர் இலங்கையிலேயே காலமானார். பொகவந்தலாவையில் உள்ள தேவாலயத் தோட்டத்திலே பெயர் பொறித்த கல்லின்கீழ் அவரும் கணவரும் துயில்கின்றனர்.

1888இல் அமெரிக்கரான ஜோர்ஜ் ஈஸ்ற்மன் வெளியிட்ட கொடாக் பெட்டி, படக்கலையைப் பயணியின் கையிலேயே ஒப்படைத்தது. நூறு படங்களுக்குரிய சுருள் அதனுள்ளே இருக்கும். எடுத்து முடித்தபின் பெட்டியையே தொழிற்சாலைக்கு அனுப்பினால், படங்களும் புதிய சுருள் இட்ட பெட்டியும் திரும்பி வரும். 1900இல் வந்த பிரௌனிப் பெட்டியின் விலை ஒரு டொலர் மட்டுமே. கூடாரமும் சுமையாளரும் வேண்டாத காலம் பிறந்தது. ஆயினும் பயணியின் கண் முன்னரே தபாலட்டைகளால் பழக்கப்பட்டிருந்தது. தபாலட்டை காட்டிய வாவியையும் தென்னையையும் நாடியே புதிய பெட்டியும் திரும்பியது. கோட்டையிலிருந்து தெற்கே செல்லும் புகைவண்டி வெள்ளவத்தை வழியே கடலோரமாக ஓடுகின்றது. ஒரு பக்கச் சாளரத்திலே கடலும் தென்னையும் தோன்றும். மறுபக்கத்திலே வீடுகளின் பின்புறங்களும் கொடியில் உலரும் துணிகளும் தோன்றும். காட்சி தேடி வந்தவர் எந்தப் பக்கம் அமர்ந்திருப்பார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் நோக்கியோர் இல்லாமற் போகவில்லை. கொழும்பிலே 1877இல் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1903இல் கனிப்பொருள் ஆய்வுப் பணியை ஏற்று இலங்கைக் கிராமங்களிற் சுற்றினார். அவருடைய மனைவி எதெல் உடன்சென்று படம்பிடித்தார். அப்படங்கள் 1908இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் நூலிலே இடம்பெற்றன. கொல்லரும் தச்சரும் சித்திரகாரரும் அந்நூலிலே வேடிக்கைப் பொருளாக அல்லாமல், தொழில் தெரிந்தவராக நிற்கின்றனர். அவர்தம் கருவிகளும் முறைகளும் விளக்கம் பெறுகின்றன. பிற்காலத்தில் பொஸ்ரன் நூதனசாலையிலே பணியாற்றிய குமாரசுவாமி, ஸ்ரீகிளிற்ஸ் என்னும் அமெரிக்கரின் புகைப்படங்களை 1924இல் அந்நூதனசாலை ஏற்கச் செய்தார். புகைப்படமும் கலையே என்று பெரிய நூதனசாலைகள் ஒப்புக்கொள்வதற்கு உதவியவருள் கொழும்பிலே பிறந்த ஒருவரும் உளர்.

தமிழர் தாமே பெட்டியைத் தூக்கி உலகஞ்சுற்றிய காலமும் வந்தது. செட்டிநாட்டுக் கோட்டையூரிலே 1911இல் பிறந்த அ. கருப்பன் செட்டியார், தோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் புகைப்படக்கலை பயின்றவர். 1937இல் அத்திலாந்திக் கடலிலே கப்பற் பயணத்தின்போது, காந்தியடிகளைப் பற்றி முழுநீளச் செய்திப்படம் ஒன்று தயாரிக்கும் எண்ணம் அவருக்குப் பிறந்தது. நாடு நாடாகத் திரிந்து, வேறு பலர் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940இல் அப்படத்தை வெளியிட்டார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்னும் அவருடைய பயணநூலின் பெயரே அவருக்கு அடைமொழியாயிற்று. எங்கோ ஒரு பெட்டகத்தில் கிடக்கும் படச்சுருள், அது எந்த ஊரில், எந்த நாளில், யாரைக் கண்டு எடுக்கப்பட்டது என்ற செய்தி இருந்தால் மட்டுமே வரலாறாகும். இல்லையேல் அது வெறும் நிழல். அவர் பணியின் பெறுமதியை அறிவதற்கு இவ்வுண்மையை நினைத்தல் வேண்டும்.

இனி, வண்டி திரும்பாத வீதிகளுக்கு வருவோம். கொட்டாஞ்சேனையிலே புனித லூசியாள் பேராலயத்தின் மாடம் உயர்ந்து நிற்கின்றது. அண்மையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயில் உள்ளது; பொன்னம்பல முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே நிறுவிய அக்கோயிலை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரையிற் கருங்கல்லாலே புதுப்பித்தார். தெற்கே வெள்ளவத்தையில், அரசாங்க உத்தியோகம் பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் இருபதாம் நூற்றாண்டிலே பெருந்தொகையாகக் குடியேறினர். இவ்விரு பகுதி வீடுகளின் முன்னறைச் சுவர்களிலும் படங்கள் தொங்கின. திருமணப் படம், குழந்தையின் முதலாண்டுப் படம், இறந்த பெரியவரின் மாலையிட்ட படம் என அவை நிரையாக இருந்தன. படக்கூடத்துத் திரையிலே மலையும் அருவியும் மாளிகைத் தூண்களும் தீட்டப்பட்டிருக்கும். வெளிநாட்டுக் காட்சிகளைக் காணப் போகாதவர்கள் அத்திரையின் முன்னே நின்று படம்பிடித்துக்கொண்டனர்.

அப்படங்களின் அடியிலும் பெயர் எழுதப்படவில்லை. எழுதவேண்டிய தேவை அவர்களுக்குத் தோன்றவில்லை. பாட்டியார் ஒருவர் இருந்தார். விரலால் சுட்டி, இவர் உன் பேரனாரின் தமையன், இவர் மலாயாவுக்குப் போனவர், இந்தப் பிள்ளை காய்ச்சலிலே தவறிப்போனது என்று சொல்லிக் கொடுத்தார். பெயர் படத்திலே இல்லை. சொல்லும் வாயிலே இருந்தது. பயணியின் படத்துக்குத் தலைப்பு உண்டு, பெயர் இல்லை. வீட்டுப் படத்துக்குப் பெயர் உண்டு, எழுத்து இல்லை.

1983 யூலை மாதத்தில் கொழும்பிலே தமிழருக்கு எதிராக மூண்ட வன்செயலில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எரிந்த வீட்டின் சுவரிலே தொங்கிய படமும் வீட்டோடு எரிந்தது. உடுத்த துணியோடு வெளியேறியவர் பலர். கப்பலேறி வடக்கே சென்றோர் பலர். பின்னர் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றோர் மிகப் பலர். சுட்டிக் காட்டிய விரலும் சொல்லிய வாயும் நாளடைவில் மறைந்தன. ஆயினும் “தமிழ்ப் பெண்” என்னும் தபாலட்டை அழியவில்லை. அது வெளிநாட்டு நூல்நிலையங்களிலும் ஏலக் கடைகளிலும் நலமாக இருக்கின்றது. எவள் என்று அறியாத முகம் காக்கப்பட்டது; பெயர் அறிந்த முகம் சாம்பலாயிற்று. பயணியர் படங்களைப் பற்றிய வரலாற்றிலே கொழும்புத் தமிழருக்கு நேர்ந்த இழப்பு இதுவே.

எனினும் பயணியரின் படங்களை வெறுத்து ஒதுக்குதல் அறிவுடைமை ஆகாது. பழைய கோட்டைத் தெருக்களின் தோற்றத்தையும், நிலக்கரிக் காலத்துத் துறைமுகத்தையும், திருத்தப்படாத தாதுகோபங்களையும் அறிதற்கு அவையே சான்று. பெயரில்லாத அம்முகங்களிலும் அணியும் ஆடையும் நிற்கும் நிலையும் பல செய்திகளைச் சொல்லுகின்றன. செய்யத்தக்கது, அன்று விடுபட்டதை இன்று விடாதிருத்தலே.

இன்று வெள்ளவத்தையிலிருந்து பேரப்பிள்ளைகளைக் காணப் புறப்படும் முதியோர், தொரன்ரோவின் பனியையும் இலண்டன் பாலத்தையும் கைத்தொலைபேசியிலே படமாக்கி வருகின்றனர். புலம்பெயர்ந்த பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து, கொட்டாஞ்சேனையிலே தாம் பிறந்த ஒழுங்கையைப் படம்பிடித்துச் செல்கின்றனர். நாளையும் நேரத்தையும் கருவி தானே குறித்துக்கொள்ளும். அருகிலே நின்ற தேநீர்க்கடைக்காரரின் பெயரையும், வாசலிலே அமர்ந்திருந்த மூதாட்டியின் பெயரையும் படம்பிடிப்பவர்தான் கேட்கவேண்டும். வீட்டிலே எஞ்சியிருக்கும் பழைய படங்களுக்கும் இது பொருந்தும். பெரியவர் ஒருவர் இருக்கும்போதே அவரை அருகில் இருத்தி, படத்தின் பின்புறத்திலே பென்சிலால் மெல்ல எழுதிவைக்கலாம்: பெயர், உறவு, ஊர், ஆண்டு. களுத்துறையிலே நின்ற பன்னிரண்டு வயதுச் சிறுமியிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால், இன்று அவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும்.